தண்ணீருக்கும் விழுந்த கோடு

டியூபை வைத்துவிட்டீர்கள் அல்லவா? இனி அந்தச் சூட்டுப் பெட்டி மணி அடிக்கும்வரை நமக்கு வேலையில்லை. உட்காருங்கள் டாக்டரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். என் பட்டறையில் இப்படி ஒரு நாற்காலி கிடந்தால் வெல்டரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆஸ்பத்திரியில் யாரைத் திட்டுவது? எல்லாரும் படித்தவர்கள். திட்டினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

காபி சொல்லியிருக்கிறேன், வரும்.

இன்டர்வியூ என்று வரச்சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு ரிசல்ட்டை நீட்டிக் கையெழுத்துப் போடுங்கள் என்றால் யாருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நிலைமை அப்படி. மூன்றாவது மாடியில் படுத்திருப்பது என் வீட்டம்மா. சம்பூர்ணம். நேற்றிலிருந்து காய்ச்சல், மூத்திரத்தில் எரிச்சல். காலையில் லேப் பெண் அட்டையில் வைத்துப் பார்த்தாள். இரண்டு கோடு. மருந்துக்கு அடங்காத கிருமி. டாக்டர் தனசேகர், வேறு எதற்கும் அடங்காதபோது ஏற்றுகிற அந்தக் கடைசி மருந்தைக் கலந்து வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே நிற்கிறார். லேப் டாக்டருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நீங்கள் வருகிறீர்கள். இதைச் சாமி செயல் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

நீங்கள் என்னடா என்றால், நானே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றீர்கள். சரி என்றேன். நியாயம். ஆனால் அவளுடைய டியூபுக்குப் பக்கத்தில் இன்னொரு டியூப் வைத்தீர்கள் பாருங்கள், உங்கள் பையிலிருந்து ஒரு சீல் வைத்த குப்பியை எடுத்து, உடைத்து, வெறும் தண்ணீரை ஊற்றி. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இந்த அறையில் தண்ணீர் டியூப் வைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதனால் வந்த வினையைச் சொல்கிறேன், கேளுங்கள். நாளைக்கு என்னிடம் வேலை பார்க்கப் போகிறவர் நீங்கள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவது நல்லது.

நான் பஸ் பாடி கட்டுகிறவன். நல்லசிவம் என்றால் கரூரில் தெரியாத டிரைவர் கிடையாது. காலையில் நீங்கள் வந்த பஸ்கூட நம்முடையதாக இருக்கும். படியில் ஏறும்போது பிடிக்கிற கம்பி கையில் வழுக்காமல் இருந்ததா? அப்படியென்றால் நம்முடையதுதான். மகன் டாக்டருக்குப் படிப்பான் என்று இந்த ஆஸ்பத்திரியைக் கட்டினேன். அவன் படிக்கவில்லை. கட்டடம் மட்டும் மிஞ்சியது. கட்டிய பிறகு சும்மா பூட்டி வைக்க முடியுமா? டாக்டர்களைச் சம்பளத்துக்கு வைத்து நடத்துகிறேன். பஸ்ஸும் அப்படித்தானே, கட்டுகிறவன் ஓட்ட வேண்டியதில்லை.

போன வருஷம் ஒரு கம்பெனிக்காரர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். "ஐயா, கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதுக்கு அடங்காதுன்னு கல்ச்சர் போட்டு, கிருமிய வளர்த்துப் பார்த்தா மூணு நாள் ஆகும். இதுல ஒரு மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிரும்" என்றார். எப்படி என்று கேட்டேன். எப்படி என்று கேட்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. ரிவெட் ஆணியைக்கூடப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

அவர் சொன்னது இதுதான். தப்பிருந்தால் சொல்லுங்கள். அடங்காத கிருமிக்குள் ஒரு ஜீன் இருக்கிறது. அதைச் சூட்டுப் பெட்டியில் வைத்து நகல் எடுக்கிறோம். ஒன்று இருந்தால் கோடியாகும். அப்புறம் அதற்குள் ஒரு கத்தரியை விடுகிறோம். ஜீனை வெட்டித் திருத்துவதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கிறார்களே, அதே சாதிக் கத்தரி. இன்னாரைத் தேடு என்று அடையாளம் சொல்லி அனுப்பினால் அது அந்த ஜீனைத் தேடிப்போய் வெட்டும். வெட்ட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்து வெட்டித் தள்ளும். அந்த வெட்டுக்குத்து நடந்தால் அட்டையில் இரண்டாவது கோடு விழும். நடக்காவிட்டால் ஒரே கோடு. கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரிதான். என்ன, இங்கே இரண்டு கோடு வந்தால் யாரும் இனிப்பு கொடுப்பதில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பங்காளிகள் ஒருவனைத் தேடிப்போய் அடித்தால் பக்கத்தில் வேடிக்கை பார்க்கிறவனுக்கும் விழும். அதே கணக்கு.

இதை நடத்துவதற்கு ஒரு லேப் டாக்டரை வைத்தேன். ஜெசிந்தா. திண்டுக்கல் பக்கம். ஒல்லியான பெண், பேச்சு மட்டும் கனம். வந்ததும் எனக்கு இரண்டு அறை வேண்டும் என்றாள். முதல் அறையில் நோயாளியின் சாம்பிள். இரண்டாவது அறையில் சூட்டுப் பெட்டியும் அட்டையும். முதல் அறையிலிருந்து இரண்டாவது அறைக்குப் பொருள் போகலாம். அங்கிருந்து ஒரு துரும்புகூடத் திரும்பி வரக் கூடாது. கையுறை, சொட்டு அளந்து விடுகிற பிப்பெட், பேனா, மேசை துடைக்கிற துணி, எல்லாம் அங்கங்கே தனித்தனி.

"ஏம்மா, இது லேப்பா, மடி ஆசாரமா?" என்று கேட்டேன்.

"மடிக்கு ஏன்னு கேட்டா பதில் இருக்காது சார். இதுக்கு இருக்கு" என்றாள்.

பதிலைப் பாருங்கள். சம்பளம் கொடுக்கிறவனிடம் பேசுகிற பேச்சா? அப்புறம் விளக்கினாள். அந்தப் பெட்டியில் ஒன்று கோடியாகிறது அல்லவா, மூடியைத் திறந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் பறக்குமாம். அதில் ஒரு பொட்டு சாம்பிள் பக்கம் வந்து விழுந்தால் போதுமாம், கிருமியே இல்லாத ஆளுக்கும் இருக்கிறது என்று அட்டை காட்டிவிடுமாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் நோயாளிகளின் டியூபோடு வெறும் தண்ணீர் ஊற்றிய ஒரு டியூபும் வைப்பாள்.

"தண்ணிக்கு என்ன வியாதிம்மா?"

"ஒண்ணும் இல்ல சார். இல்லைன்னு அட்டை சொல்லுதான்னு பாக்கத்தான்."

எப்படி இருக்கிறது? இல்லை என்று தெரிந்ததை இல்லை என்று சொல்ல ஒரு கிட் செலவு. அதற்குப் பில் யார் பேரில் போடுவது? அமராவதி ஆற்றின் பேரிலா? ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். படித்த பெண், ஏதோ சொல்கிறது என்று விட்டுவிட்டேன். என் குணமே அதுதான். ரொம்ப விட்டுக்கொடுப்பேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எனக்கு மூடநம்பிக்கை கிடையாது, டாக்டரம்மா. ராகு காலம் பார்ப்பேன், அதற்கு மேல் எதுவும் பார்ப்பதில்லை. ஆனால் ஆயுத பூஜை என்பது வேறு. அது தொழில். பட்டறையில் அன்றைக்குச் சுத்தியல், கட்டர், ரிவெட் கன், ஸ்பேனர் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரே இடத்தில் குவித்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். ஒன்று விடுபட்டால்கூட அந்த வருஷம் அது யார் கையையாவது கிழிக்கும். கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி லேப்பிலும் செய்ய வேண்டும் என்றேன். கோயம்புத்தூரிலிருந்து என் சம்பந்தியும் வருகிறார். மில்காரர். ஒரு பெரிய மனிதருக்கு நம்முடைய சாமான்களை அழகாக அடுக்கிக் காட்ட வேண்டாமா?

அந்தப் பெண் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பூஜை வேணாம்னு சொல்லல சார். அந்தந்த அறையில தனித்தனியா வெச்சுக்குங்க. பொட்டு வைக்கிறதுன்னா செவுத்துல வையுங்க. சாமான்ல வேணாம்."

"செவுரு ஆயுதமாம்மா?"

"ரெண்டு அறைச் சாமானும் ஒண்ணாக் கலக்கவே கூடாது சார்."

"சாமி முன்னாடி என்னம்மா இந்த அறை, அந்த அறை?"

அவள் வேதக்காரப் பெண், அதனால்தான் பூஜையைத் தடுக்கிறாள் என்று ஒரு பேச்சு எழுந்தது. நான் சொல்லவில்லை. சம்பந்திதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அது அவள் காதில் விழுந்துவிட்டது. "எங்க மாதா சுரூபத்தைக் கொண்டாந்து வெச்சுத் தைலம் தடவுனாலும் இதையேதான் சொல்லுவேன் சார்" என்றாள். சம்பந்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. கோயம்புத்தூரில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

பூஜை நன்றாக நடந்தது. இதோ இந்த மேசையில்தான். இரண்டு அறைச் சாமானையும் கொண்டுவரச் செய்தேன். புதுத் துணி ஒன்று, ஒரு வாளியில் மஞ்சள் தண்ணீர். முக்கிப் பிழிந்து நானே என் கையால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். முதலாளி துடைக்கக் கூடாது என்று எல்லாரும் தடுத்தார்கள். அன்றைக்கு நான் முதலாளி இல்லை, சேவகன் என்றேன். சம்பந்தி ஒரே கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். சூட்டுப் பெட்டிக்கு ஒன்று, பிப்பெட்டுகளுக்கு ஒவ்வொன்று, டியூப் குத்தி வைக்கிற தாங்கிக்கு ஒன்று. முந்தின நாள் வைத்து முடித்த டியூபுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "வாசமே இல்லீங்களே சம்பந்தி" என்றார். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். பக்தியோ என்று நினைத்தேன்.

பூசணிக்காய் சுற்றி லேப் வாசலில் உடைத்தோம். எல்லாச் சாமானும் ஒரே அறையில் பொட்டும் பூவுமாக இருந்ததைப் பார்த்தால் கண் நிறைந்துபோயிற்று. எதற்கு இரண்டு அறை என்று அப்போதே முடிவு செய்து இப்படியே இருக்கட்டும் என்றேன். காலியான அந்த அறை இப்போது மருந்துக் கிடங்கு. நீங்கள் வரும்போது அட்டைப்பெட்டி அடுக்கியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் அந்தக் கடைசி மருந்துதான். முன்பு அதை எப்போதாவது ஒன்றிரண்டு வரவழைப்போம். இப்போது கிடங்கே தேவைப்படுகிறது. வளர்ச்சி.

ஏனென்றால் பூஜைக்கு அடுத்த நாளிலிருந்து அட்டைக்கு உயிர் வந்துவிட்டது. அதுவரைக்கும் எப்போதாவது ஒருவருக்கு இரண்டு கோடு வரும். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே கோடு, சாதாரண மாத்திரை, வீட்டுக்குப் போ. இவ்வளவு பெரிய கருவியை வாங்கி வைத்து ஒரே கோடு பார்ப்பதற்கா? பூஜைக்குப் பிறகு வைத்ததெல்லாம் இரண்டு கோடு. ஒன்று தப்பவில்லை. வார்டு நிறைந்தது. டாக்டர்களும் ஒரு மாத்திரை எழுதிவிட்டுச் சும்மா இருக்காமல் பெரிய மருந்தாக எழுத ஆரம்பித்தார்கள். சம்பந்திக்கு போன் போட்டு, "உங்க கைராசிங்க" என்றேன். அவர் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஜெசிந்தா மட்டும் ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், தண்ணிக்கும் ரெண்டு கோடு."

"அதுக்கென்ன இப்ப?"

"தண்ணில கிருமி இல்ல சார். தண்ணிக்கே கோடு விழுந்தா அட்டை பொய் சொல்லுதுன்னு அர்த்தம். பூஜை அன்னைக்கு எல்லாம் கலந்துபோச்சு. லேப்ப மூடிக் கழுவணும். பிப்பெட் எல்லாம் புதுசா வாங்கணும். அதுவரைக்கும் ஒரு ரிசல்ட்டும் குடுக்கக் கூடாது. யாருக்கு நெஜமா இருக்கு, யாருக்கு இல்லைன்னு இப்பத் தெரியாது சார்."

"கடைய மூடச் சொல்ற."

"அந்த மருந்து கிட்னியக் கெடுக்கும் சார். வேற வழியே இல்லாதவங்களுக்குத்தான் அது. எல்லாருக்கும் ஏத்துனா, நாளைக்கு அதுக்கும் அடங்காத கிருமிதான் மிஞ்சும்."

நான் யோசித்தேன். நிதானமாக யோசித்தேன். நோயாளிகள் யாரும் புகார் சொல்லவில்லை. டாக்டர்கள் சொல்லவில்லை. சம்பந்தி சொல்லவில்லை. பிரச்சினை எங்கே இருக்கிறது? தண்ணீரில். அப்படியானால் தண்ணீரை நிறுத்திவிட்டால் பிரச்சினை நின்றுவிடும். நிறுத்தச் சொன்னேன். நின்றுவிட்டது. பட்டறையிலும் இப்படித்தான், ஒரு பாகம் சத்தம் போட்டால் முதலில் அந்தப் பாகத்தைக் கழற்றுவோம்.

தண்ணீர் இல்லாமல் நான் ரிசல்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். போடாதே, தனசேகர் போடட்டும் என்றேன். அவர் தங்கமான மனுஷர், எதை நீட்டினாலும் போடுவார். அதற்கப்புறம் அவள் சாம்பிளை வாங்கி வாங்கிப் பழைய முறையில் கல்ச்சர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் கழித்து வருகிற அதை யார் பார்க்கிறார்கள்? அதற்குள் மருந்து ஏறி முடிந்திருக்கும். அந்தச் சமயத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கிட்னி கெட்டதாகச் சொன்னார்கள். வயசானவர்கள். எப்படியும் ஏதாவது கெடத்தான் செய்யும். நல்லவேளை, டயாலிசிஸ் நம்மிடமே இருக்கிறது. பாவம், வெளியே அலைய வேண்டியதில்லை.

காபி வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். என்ன, குடிக்கவில்லையா? சரி, ஆறட்டும்.

கார்த்திகையில் சம்பூர்ணத்துக்குக் காய்ச்சல். இதே மாதிரி எரிச்சல். அவளுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. "ரெண்டு மாத்திரை குடுங்க, படுத்து எந்திரிச்சா செரியாப் போயிரும்" என்றாள். ஓனர் சம்சாரம் இரண்டு மாத்திரையில் எழுந்து நடமாடினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஸ்பெஷல் ரூமில் சேர்த்தேன். அட்டை வைத்தார்கள். இரண்டு கோடு.

ஜெசிந்தா என் ரூமுக்கு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. லிப்டுக்குக் காத்திருக்காமல் படி ஏறி வந்திருக்கிறாள்.

"சார், அம்மாவுக்கு அத ஏத்தாதீங்க. கல்ச்சர் போட்டிருக்கேன். அது வர்ற வரைக்கும் சாதாரண மருந்தே குடுப்போம். காய்ச்சல் கம்மியாத்தான இருக்கு, காத்திருக்கலாம் சார்."

"எங்க வீட்டம்மாவுக்குச் சாதாரண மருந்தா?"

"சார்..."

"ரோட்டுல போறவனுக்கெல்லாம் பெரிய மருந்து ஏறுது. எனக்குச் சொந்த ஆஸ்பத்திரி. என்ற சம்சாரத்துக்கு மட்டும் சின்ன மருந்தாம்மா?"

நீங்களே சொல்லுங்கள், அன்பு இல்லாதவன் பேசுகிற பேச்சா இது? இருப்பதிலேயே உயர்ந்த மருந்தை அவளுக்குக் கொடுத்தேன். ஜெசிந்தா என்னையே பார்த்தாள். திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். ஒழிந்தது என்று நினைத்தேன்.

மருந்து ஏறியது. சம்பூர்ணத்துக்குக் கால் வீங்கியது. முகம் ஊதியது. மூத்திரம் குறைந்துபோயிற்று. "கிரியேட்டினின் ஏறுதுங்க" என்றார் தனசேகர். "கோடு ரெண்டு இருக்கேங்க, நிறுத்தவும் யோசனையா இருக்கு" என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவரால்தான் முடியும்.

அப்போதுதான் அந்தப் பெண் செய்த காரியம் தெரிய வந்தது. சம்பூர்ணத்தின் சாம்பிளில் பாதியை ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஒரு கண்டக்டரிடம் கொடுத்து, அவள் படித்த காலேஜுக்கு அனுப்பியிருக்கிறாள். என் சம்சாரத்தின் மூத்திரம் வெளியூருக்குப் போகிறது, எனக்குத் தெரியாது! அதுவும் எந்த பஸ்ஸில்? நான் பாடி கட்டிய பஸ்ஸில். டிரைவர் வந்து சொன்னான். "அக்காவுக்கு ஒடம்பு எப்படிங்க இருக்கு?" என்று பஸ் ஸ்டாண்டே விசாரிக்கிறது. ஒரு கௌரவமான குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அங்கிருந்து ரிசல்ட் வந்திருக்கிறது. ரொம்பச் சாதாரணக் கிருமி, எந்த மருந்துக்கும் அடங்கும். அவள் போட்ட கல்ச்சரும் அதையே சொல்லியிருக்கிறது. வந்ததை என்னிடம் அல்லவா கொண்டுவர வேண்டும்? தனசேகரிடமாவது கொடுக்கலாம். கொடுக்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போய்விட்டாள். சம்பூர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பூஜை, துணி, சந்தனம், தண்ணீர், எல்லாம்.

நான் போகும்போது சம்பூர்ணம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி இல்லை. தானே பிடுங்கிப் போட்டிருக்கிறாள். தரையில் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வீங்கின முகத்தோடு என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏனுங்க, தண்ணிக்கும் கோடு வந்துச்சாமா?" என்று கேட்டாள்.

"அது டெக்னிகல் விஷயம் சம்பூர்ணம், உனக்குச் சொன்னாப் புரியாது" என்றேன்.

"வந்துச்சா, இல்லியா?"

நான் பேச்சை மாற்றினேன். அன்றைக்குச் சாயங்காலமே ஜெசிந்தாவை வேலையை விட்டு நிறுத்தினேன். காரணம் கேட்டாள். "நம்பிக்கைத் துரோகம்" என்றேன். சிரித்தாள். "சார், நம்பிக்கையச் சோதிக்கிறதுக்குத்தான் அந்தத் தண்ணியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகிற போக்கில் மாடிக்குப் போய் சம்பூர்ணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. நர்ஸைக் கேட்டால், "ஒண்ணும் பேசலீங்கய்யா, கையைப் புடிச்சிட்டு இருந்தாங்க" என்கிறாள்.

சம்பூர்ணம் பிழைத்துக்கொண்டாள். கிட்னி பாதிதான் தேறியது. தேறியதும் காங்கேயத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். உப்புக் குறைத்துச் சமைக்க அங்கே ஆள் இருக்கிறது, அதற்காகப் போனாள். நம் வீட்டுச் சமையல்காரிக்கு அந்தப் பக்குவம் வராது. நான் போன் செய்தால் எடுப்பாள். நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வாள். கடைசியில், "அந்தத் தண்ணிக்கு?" என்பாள். நான் வைத்துவிடுவேன்.

நான் யோசிக்காதவன் இல்லை, டாக்டரம்மா. காரில் தனியாகப் போகும்போது என்னை நானே கேட்டுக்கொள்வேன். நல்லசிவம், நீ எங்கே தப்புச் செய்தாய் என்று. சும்மா மேலோட்டமாக இல்லை, குடைந்து குடைந்து கேட்பேன். வயசு ஐம்பதைத் தாண்டினால் இந்தக் கேள்வியெல்லாம் தானாக வரும். கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் ஒன்று விளங்கிற்று. எல்லாரையும் நம்பினேன். அந்தப் பெண்ணை நம்பினேன், கண்டக்டரை நம்பினேன். நல்லவனாக இருந்ததுதான் நான் செய்த தப்பு. இதற்கு மேல் ஒரு மனுஷன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?

நேற்று மறுபடியும் காய்ச்சல். மகன் போய் அழைத்து வந்தான். அவள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாளாம். சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறவன் சம்சாரம் வேறு ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளைக்கு இங்கே யார் வருவார்கள்? இங்கேயே கொண்டுவரச் சொன்னேன். ஒரு கண்டிஷனோடு வந்தாள். "லேப் டாக்டரு கையெழுத்துப் போடாம அந்த மருந்து ஒரு சொட்டுக்கூட என்ற ஒடம்புல ஏறப்படாது" என்று தனசேகரிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "பாதிக் கிட்னிதான் மிச்சம் இருக்குது. அதுக்கும் பூஜை போட்டுறாதீங்க." நர்ஸுகள் முன்னால். அதில் ஒருத்தி திரும்பி நின்று சிரித்தாள், முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

தனசேகரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "இன்னொரு தடவை ஏத்துனாக் கிட்னி தாங்காதுங்க" என்றார். "ஆனாக் கோடு ரெண்டு இருக்கேங்க" என்றும் சொன்னார். அதனால்தான் உங்கள் கையெழுத்து. எனக்காகக் கேட்கவில்லை. அவள் உயிருக்காகக் கேட்கிறேன். அடங்காத கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் ஆள் போய்விடும் என்று நீங்கள்தானே படித்திருக்கிறீர்கள்?

மணி அடித்துவிட்டது. எடுங்கள், எடுங்கள். நானும் பார்க்கிறேன், எனக்கு இதெல்லாம் பழக்கம். அட்டையை நனைத்தாயிற்றா? கொஞ்சம் ஊற வேண்டும். ஒரு கோடு... அது எப்போதும் வருவது. அடுத்தது... வருகிறது பாருங்கள், வருகிறது. இரண்டு! நான் சொன்னேனா இல்லையா? எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. லேப் பெண் காலையில் பார்த்தது சரிதான். இனியாவது பேனாவை எடுங்கள்.

அது எது, இன்னொரு அட்டை? தண்ணீரா?

காட்டுங்கள். வெளிச்சத்தில் காட்டுங்கள்.

இரண்டு.

நீங்கள் கொண்டு வந்த குப்பிதானே? சீல் வைத்தது என்றீர்கள். எங்கே வாங்கினீர்கள்? கோயம்புத்தூரிலா? அங்கே எல்லாமே போலி, டாக்டரம்மா. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சீல் வைத்துவிட்டால் நல்ல தண்ணீராகிவிடுமா? மிச்சம் இருக்கிறதா அதில்? அதைக் கீழே ஊற்றிவிடுங்கள், கையில் படப் போகிறது. நம்முடைய தண்ணீரில் வைத்துப் பார்க்கலாம். நான் தினமும் குடிக்கிற தண்ணீர்...

ஏன் பேனாவை மூடுகிறீர்கள்?

வேலை வேண்டாம் என்றால் வேண்டாம். அது வேறு விஷயம், அதை அப்புறம் பேசலாம். இந்த ஒரு கையெழுத்து மட்டும். இரண்டு கோடு இருப்பது பொய்யா? உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். உங்கள் கையாலேயே வைத்தீர்கள். தண்ணீரை நீங்கள் ஏன் வைத்தீர்கள்? வைக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அவளுக்கு மருந்து ஏறியிருக்குமே.

எங்கே கிளம்புகிறீர்கள்? வாசல் இந்தப் பக்கம். அது மாடிப்படி.

மூன்றாவது மாடிக்கு இப்போது என்னத்துக்கு? எல்லாரும் அவளிடம்தான் போகிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக யாருக்கும் தோன்றுவதில்லை. இத்தனை நேரம் உங்களிடம் பேசிக்கொண்டிருந்தவன் நான்தானே? சரி, போங்கள். போய்ப் பாருங்கள். தனசேகரை நிறுத்தச் சொல்வதானால் சொல்லுங்கள். அவர் யார் சொன்னாலும் கேட்பார்.

ஒன்று மட்டும், டாக்டரம்மா. நில்லுங்கள். உங்களைப் பார்த்ததும் அவள் கேட்பாள். தண்ணிக்கும் வந்துச்சா என்று கேட்பாள். வரவில்லை என்று சொல்லுங்கள். இந்த ஒரு தடவை. மருந்து ஏற்ற வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். தண்ணீருக்கு வரவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மாட்டீர்கள், இல்லையா?

மாட்டீர்கள். படி ஏறுகிற வேகத்திலேயே தெரிகிறது. ஜெசிந்தாவும் இப்படித்தான், லிப்டுக்குக் காத்திருக்க மாட்டாள்.